வசந்தகாலப் பனிமலையில் ஒரு நாள்: பழைய நண்பர்களோடு முதல்முறை பேக்கன்ட்ரி ஸ்கீயிங் செல்வோருக்கு

லிஃப்ட் கிடையாது, பனியைச் சமப்படுத்தி வைப்பவர் கிடையாது, ஆபத்தான இடத்தில் கயிறு கட்டி எச்சரிப்பவரும் கிடையாது. அப்படிப்பட்ட மலைச்சாய்வில் ஸ்கீ என்ற நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறி, அதே ஸ்கீயில் சறுக்கி இறங்குவதைத்தான் பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்கிறார்கள். ஸ்கீ மையங்களில் நடுத்தரச் சாய்வுகளில் தடுமாறாமல் இறங்கத் தெரிந்த ஒருவர், பல ஆண்டுகளாகப் பழகிய நண்பர்களோடு வசந்தகாலத்தில் முதல்முறையாக இப்படி ஒரு நாள் பயணம் போவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றுக்கு நேரில் சென்று பயின்ற பிறகே மலைக்குப் போக வேண்டும்; அந்த வகுப்புக்கு இந்தக் கட்டுரை துணையாகுமே தவிர மாற்றாகாது.

பனியின் நேரக்கணக்கு

குளிர்காலத்துப் பனியையும் வசந்தகாலத்துப் பனியையும் ஒரே பொருளாக நினைக்கக் கூடாது. வசந்தத்தில் பகல் வெயிலில் மேற்பரப்பு உருகுகிறது, இரவில் மீண்டும் உறைகிறது. இது பல நாட்கள் தொடரும்போது பனித்துகள்கள் உருண்டு, குருணை அளவுக்குப் பெரிதாகின்றன. ஸ்கீ செய்பவர்கள் கார்ன் ஸ்னோ என்று ஆசையோடு சொல்வது இந்தக் குருணைப் பனியைத்தான். விடியற்காலையில் அது கல்லைப் போல இறுகியிருக்கும். வெயில் ஏறியபின் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் உறுதி மாறாமல் இருக்கும் சிறிது நேரத்தில், புதிதாக வந்தவர் காலிலும் ஸ்கீ தானாகவே திரும்பும். அந்த நேரம் கடந்தால் பனி கஞ்சியாகிவிடும். அதற்குப் பிறகு அது சுகமாக இல்லை என்பதோடு நிற்காது, உயிருக்கே ஆபத்தாகிறது.

எனவே, முந்தைய இரவு பனி நன்றாக உறைந்ததா என்பதே முதல் கேள்வி. மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துவிடுவதால், காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும்கூடப் பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவிலோ போர்வை போர்த்தியதுபோல அந்த வெப்பம் உள்ளேயே தங்கிவிடுவதால், வெப்பமானி காட்டும் எண்ணை நம்பிக் கிளம்பியவர்கள் விடியும்போதே சொதசொதத்த பனியில் முழங்கால்வரை புதைகிறார்கள். மழை பெய்த இரவும் அப்படித்தான். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உறையாமல் போயிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொன்றையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் உலர்ந்தே கிடந்த பனியடுக்கு, பருவத்தின் முதல் கடும் வெயிலில் முதன்முறையாக நனையும்போது, உருகிய நீர் உள்ளே இறங்கி, ஆழத்தில் ஒளிந்திருந்த பலவீனமான அடுக்கைத் தளர்த்திவிடும். வசந்தத்தில் மிகவும் அஞ்ச வேண்டிய நாட்கள் அவையே. பலமுறை உருகி உறைந்து, நீர் வடிந்து போவதற்கு வழி ஏற்பட்ட பிறகு பனி ஒப்பீட்டளவில் நிதானப்படுகிறது. முதல் பயணத்தைப் பருவத்தின் பிற்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கிளம்புவதற்கு முன் நண்பர்களோடு பேச வேண்டியவை

பெரும்பாலான வழிகாட்டிகள் கருவிப் பட்டியலில் தொடங்குகின்றன. நான் பேச்சில் தொடங்கச் சொல்கிறேன்.

நெடுநாள் நட்பு மலையில் பெரிய பலம். யாருடைய மூச்சு எப்போது வாங்கும், யார் பசித்தால் மௌனமாகிவிடுவார் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். ஆனால் அதே நட்பு நம் வாயைக் கட்டிப்போடவும் செய்யும். அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன், 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் பொழுதுபோக்காக மலைக்குச் சென்றவர்கள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, ஆபத்தின் அடையாளங்கள் கண்முன் இருந்தும் மனிதர்கள் ஏன் முன்னேறினார்கள் என்று பார்த்தார். பழகிய இடம் என்ற தைரியம், மற்றவர்கள் மெச்ச வேண்டும் என்ற விருப்பம், தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம், குழுவில் ஒருவரை நிபுணராகக் கருதி முடிவை அவரிடம் விட்டுவிடுதல் ஆகியவை அவர் சுட்டிய பொறிகளில் சில. பழைய நண்பர் கூட்டத்தில் இந்த நான்கும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் குழுவில் நான்கு பேர். ஒரு வசந்தத்தில், இரவு பனி உறையவில்லை என்பதை நால்வருமே காலை முதல் நூறு அடியிலேயே பார்த்துவிட்டோம். ஆனால் மற்றவர்கள் வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார்களே, நாம் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தமக்குள் நினைத்துக்கொண்டு ஏறினோம். இறங்கும்போது எங்களில் ஒருவரின் காலடியில் ஈரப்பனி கழன்று, அவரை முப்பது மீட்டர் இழுத்துச் சென்று நிறுத்தியது. இடுப்புவரைதான் புதைந்திருந்தார், அடி எதுவும் படவில்லை. அன்று மாலை பேசியபோதுதான், நால்வருமே திரும்பிவிட விரும்பியிருந்தோம் என்பது தெரிந்தது. "திரும்பிடலாம்பா" என்ற ஒரே சொல்லை இருபது ஆண்டு நட்பில் எவராலும் சொல்ல முடியவில்லை என்பதை என்னால் இன்றுவரை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது எல்லோரும் உட்கார்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது. எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் ஏற்றத்தை நிறுத்துவோம் என்ற திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். குழுவில் மிகவும் புதியவர் எவரோ, அவரிடமே ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் கருத்துக் கேட்க வேண்டும். அனுபவசாலி பேசிவிட்ட பிறகு புதியவர் வாய் திறப்பது அரிது. குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் இருப்பது நல்லது. இருவர் மட்டும் போனால் ஒருவர் புதைந்தபின் தோண்டுவதற்கு ஒருவரே மிஞ்சுவார். கூட்டம் பெருகினாலோ ஒருவர் கண்ணில் ஒருவர் இருக்க முடியாது.

கருவிகள்

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பே பைண்டிங். பேக்கன்ட்ரி ஸ்கீயின் பைண்டிங்கில், ஏறும்போது குதிகால் மேலெழும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். பூட்ஸின் முனையை இரு சிறு ஊசிகளால் பற்றும் இலகுவான பைண்டிங்கை ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கினார். இன்று பெரும்பாலோர் அணிவது அந்த வகையைத்தான். ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் என்ற பட்டையின் மயிரிழைகள் ஒரே திசையில் படிந்திருப்பதால், முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. ஒருகாலத்தில் அது கடல்நாய்த் தோலாக இருந்தது. இப்போது மோஹேர் என்ற ஆட்டு மயிர், நைலான், அல்லது இரண்டும் கலந்தது. இவற்றையெல்லாம் முதல்முறை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பூட்ஸைப் போட்டு முந்தைய நாளே ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள். மலையில் கொப்புளம் வந்தால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

வசந்தத்தில் தவறாமல் வேண்டிய இன்னொரு பொருள் ஸ்கீ கிராம்பான். விடியலில் கல்லாக இறுகிய சாய்வில் ஸ்கின் மட்டும் பிடிக்காது. பற்கள் கொண்ட இந்தத் தகட்டைப் பைண்டிங்கின் கீழ் மாட்டினால்தான் கால் நிற்கும். இது இல்லாமல் வந்தவர் ஏற்றத்தின் நடுவே வழுக்கி நூறு மீட்டர் கீழே போவதைத் தடுக்க எதுவும் இருக்காது.

இனி, விட்டுக்கொடுக்கவே முடியாத மூன்று. ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், மூன்று ஆன்டெனா கொண்ட டிஜிட்டல் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி) ஒன்று, பனிக்குள் குத்தித் தேட, குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளும் புரோப் கம்பி ஒன்று, உலோகத் தகடுள்ள பனிவாரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் பனிவாரி வேண்டாம். ஓடி நின்ற ஈரப்பனி சிமென்ட் கலவை போல இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் உடையும். டிரான்ஸீவரைப் பையில் வைக்காமல், மேலாடைக்கு உள்ளே உடம்போடு வாரிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசி, ஹெட்லைட், சூடேற்றும் கையுறை போன்ற மின்கருவிகள் அதன் சமிக்ஞையைக் குலைக்கும். சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும் நேரத்தில் 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

வெயிலைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1000 மீட்டர் ஏறும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. எனவே மூக்கின் அடிப்புறம், தாடையின் கீழ், காது மடல் ஆகிய இடங்களிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். பக்கவாட்டும் மூடிய, 3 அல்லது 4ஆம் வகைக் கருப்புக் கண்ணாடி அணியுங்கள். 4ஆம் வகையைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டக் கூடாது. குடிநீர் தலைக்கு இரண்டு லிட்டர், உணவு, மெல்லிய கையுறை ஒன்று, தடித்த கையுறை ஒன்று, காற்று புகாத மேலாடை, முதலுதவிப் பை, ஹெட்லைட் ஆகியவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

முந்தைய நாள் மாலை

பனிச்சரிவு அபாய அறிவிப்பை முதலில் படியுங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அபாயத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாகக் குறிக்கிறார்கள். வசந்தத்தில் காலைக்கு 1, பிற்பகலுக்கு 3 என்று ஒரே நாளுக்கு இரு நிலைகள் வருவது உண்டு. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், எந்தத் திசைச் சாய்வு, எந்த உயரம், எத்தனை மணிக்குப் பிறகு என்ற விவரத்தையும் படிக்க வேண்டும்.

அடுத்து வரைபடம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில் கிளம்புகின்றன. முதல் பயணத்துக்கு 30 டிகிரிக்குக் குறைவான சாய்வுகளையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் நடக்கும் பாதை மென்மையாக இருந்தாலும், அதற்கு மேலே செங்குத்தான சாய்வு தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் மேலே கழன்ற பனி கீழே சமவெளிவரை வந்துதான் நிற்கும். பனியாறுகள் உள்ள மலையைத் தொடக்கத்தில் தவிர்க்கவும். வெடிப்புகளில் விழுந்தவரை மீட்பது தனிக் கலை.

பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். சுவிட்சர்லாந்தின் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் பெயரால் வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏற வேண்டிய உயரத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒன்று, கடக்க வேண்டிய தூரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்று என்று கூட்டி, நான்கால் வகுத்தால் ஏற்றத்துக்கான மணி நேரம் கிடைக்கும். 900 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் தூரம் என்றால் 9ம் 5ம் 14. நான்கால் வகுக்க மூன்றரை மணி நேரம். புதியவர்கள் உள்ள குழு மூன்றால் வகுப்பதே நியாயம் என்பது என் கருத்து. அப்போது ஏறத்தாழ நான்கே முக்கால் மணி நேரமாகும், இளைப்பாறலைச் சேர்த்தால் ஐந்தேகால்.

இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வடக்கு அரைக்கோளத்தில் கிழக்கு பார்த்த சாய்வு முதலில் இளகும், பின் தெற்கு, கடைசியாக மேற்கு. தெற்கு பார்த்த சாய்வில் பத்தரை மணிக்குப் பனி பதமாகும் என்று எதிர்பார்த்தால், பத்துமணிக்காவது மேலே நின்று காத்திருக்க வேண்டும்; அப்படியென்றால் ஐந்து மணிக்கு முன்பே, இருட்டில், ஹெட்லைட் வெளிச்சத்தில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். மேலே சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர் அரைமணி காத்திருக்கலாம். தாமதித்தவருக்காகப் பனி காத்திருக்காது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.

புறப்படும் இடத்தில்

காரை விட்டு இறங்கியதும் டிரான்ஸீவர் சோதனை. ஒருவர் முன்னே சிறிது தூரம் சென்று, தம் கருவியைக் குழுச் சோதனை நிலையில் வைத்து நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடக்க வேண்டும்; கடைசியில் அவர் தம் கருவியை அனுப்பும் நிலைக்கு மாற்றியதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும். நூறு முறை சேர்ந்து போன நண்பர்களும் இதை விடக் கூடாது.

அதன்பின் பனியைத் தொட்டுப் பாருங்கள். ஸ்கீயைக் கழற்றி, பூட்ஸோடு நில்லுங்கள். பரப்பு உங்கள் எடையைத் தாங்கினால் நல்ல அறிகுறி. விடியலிலேயே பரப்பு உடைந்து கால் உள்ளே போனால், அங்கேயே, காருக்குப் பக்கத்திலேயே, திட்டத்தைக் கைவிடுங்கள். மூன்று மணி நேரம் ஏறிய பிறகு கைவிடுவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

ஏறும்போது

ஸ்கீயைத் தூக்கி வைக்க வேண்டாம், தரையோடு நகர்த்துங்கள். ஏறத்தாழ எல்லாப் புதியவர்களும் காலைத் தூக்கியே களைத்துப் போகிறார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால் செல்லட்டும். செங்குத்தான இடங்களில் நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து ஏறி, ஒவ்வொரு முனையிலும் ஒரு காலைச் சுழற்றித் திசை மாற்றும் கிக் டர்ன் போட வேண்டும். இதைக் கீழேயுள்ள மென்சாய்வில் இருபது முறை பழகிவிட்டு வாருங்கள். இறுகிய பனியில் கற்றுக்கொள்ளும் வித்தை அல்ல அது. கால் வழுக்கத் தொடங்கிய பிறகு கிராம்பான் மாட்டுவது கடினம் என்பதால், சாய்வு கூடுவதற்கு முன்பே நின்று மாட்டுங்கள்.

வெயில் ஏறியதும் ஈரமான ஸ்கினில் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஐந்து கிலோ கனக்கும். ஸ்கின் மெழுகை மயிரிழை படிந்த திசையிலேயே முன்கூட்டித் தேய்த்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஓடைகளைக் கடக்கும்போது மேலே மூடிய பனிப்பாலம் மெலிந்திருக்கலாம். காலையில் தாங்கிய பாலம் திரும்பும்போது தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

ஏறும்போதே பார்த்துக்கொண்டு போக வேண்டிய அறிகுறிகள் சில உள்ளன. பாறையடியிலிருந்து பனி உருண்டைகள் சக்கரம்போலத் தாமே உருண்டு வருவது, அண்டைச் சாய்வுகளில் அன்று விழுந்த புதுச் சரிவுகள், கணுக்காலுக்கு மேல் பூட்ஸ் புதைவது, காலடியில் பனி 'ஹும்' என்று அமுங்கும் ஓசை. இவற்றில் ஒன்றைக் கண்டவர் உடனே உரக்கச் சொல்ல வேண்டும். எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று எண்ணி மௌனமாக இருப்பதுதான் நான் முன்பு சொன்ன தவறு.

உச்சியிலும் இறக்கத்திலும்

மலைமுகட்டில் காற்று படிய வைத்த பனிக்கூரை வெறும் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். அது நாம் நினைப்பதைவிட வெகு உள்ளே வந்து உடையும். எட்டிப் பார்க்கவும் படம் எடுக்கவும் அதன் அருகே போக வேண்டாம்.

மேலே சேர்ந்ததும் ஸ்கினைக் கழற்றி மடித்து, பூட்ஸை நடைநிலையிலிருந்து சறுக்குநிலைக்கு மாற்றி, பைண்டிங்கைப் பூட்டிவிட்டுப் பிறகு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பனி பதத்துக்கு வரும்போது எல்லோரும் தயாராக இருக்க வேண்டும். ஸ்கீ கம்பால் பரப்பைக் குத்திப் பாருங்கள்: மேலே சிறிது இளகி, அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் கிளம்பலாம். கம்பு தங்குதடையின்றி இறங்கினால் அந்தச் சாய்வின் நேரம் முடிந்துவிட்டது. வெயில் குறைவாகப் பட்ட, மென்மையான வேறு வழியைப் பாருங்கள்.

இறக்கத்தில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் சாய்வில் இருக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணெடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கும் இடம் சாய்வின் நடுவிலோ அடியிலோ இல்லாமல், பக்கவாட்டில் மேடான, பனி ஓடி வராத இடமாக இருக்கட்டும். புதியவர் நடுவிலும், அனுபவமுள்ள ஒருவர் கடைசியிலும் இறங்குவது நல்லது. கீழே விபத்து நடந்தால் மேலிருந்து விரைந்து வர ஆள் வேண்டும். கிளர்ந்த ஈரப்பனி நம்மோடு சேர்ந்து மெல்ல ஓடிவருவதைக் கண்டால், அதற்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் விலகிவிடுங்கள். அது மெதுவாகத்தான் வரும், ஆனால் அதன் எடையை யாராலும் தடுத்து நிறுத்த முடியாது.

யாராவது புதைந்துவிட்டால்

முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி ஆகிவிட்டால் அது மூன்றில் ஒருவராகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உடன் சென்ற நண்பர்கள்தான் மீட்புக் குழு.

அவர் கடைசியாகத் தென்பட்ட இடத்தைக் கண்ணால் பிடித்து வையுங்கள். மறுபடி பனி விழுமா என்று மேலே பாருங்கள். எல்லோரும் டிரான்ஸீவரைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள்; ஒருவர் விட்டுவிட்டாலும் அவருடைய சமிக்ஞையே எல்லோரையும் ஏமாற்றும். கைப்பேசியில் தொடர்பு கிடைத்தால் ஒருவர் உடனே அவசர எண்ணை அழைக்கட்டும், ஆனால் உதவி தேடி எவரும் மலையை விட்டு இறங்கக் கூடாது. கடைசியாகத் தென்பட்ட இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடி, திரையில் தூரத்தைக் காட்டும் எண் குறையக் குறைய வேகத்தையும் குறைத்து, 3 மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அங்கே புரோப் கம்பியைப் பரப்புக்குச் செங்குத்தாக இறக்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வடிவில் குத்திக்கொண்டே போங்கள். உடல் தட்டுப்பட்டால் கம்பியை எடுக்காதீர்கள். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சாய்வின் கீழ்ப்புறம் தள்ளி நின்று, அவரை நோக்கிக் குடைந்து தோண்டுங்கள். ஒரு கன மீட்டர் ஈரப்பனி சுமார் அரை டன் கனக்கும் என்பதால், முன்னிருப்பவர் வெட்டவும் பின்னிருப்பவர் அள்ளித் தள்ளவும் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். முகம் தெரிந்ததும் முதலில் வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து மூச்சு வருகிறதா என்று பாருங்கள். உடலை முழுதாக வெளியே எடுப்பது அதற்குப் பிறகுதான். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு டிரான்ஸீவரைப் பைக்குள் வைத்துப் புதைத்து, நண்பர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாறி மாறித் தேடிப் பழகினால் மட்டுமே பதறும் கைகளுக்கு இந்த வரிசை நினைவில் இருக்கும்.

காருக்குத் திரும்பிய பின்

எல்லோரும் வந்து சேர்ந்ததை எண்ணிவிட்டு, ஊரில் தகவல் சொல்லி வைத்தவருக்குத் திரும்பிவிட்டோம் என்று தெரிவியுங்கள். பிறகு பூட்ஸைக் கழற்றியபடியே ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இன்று நீ கவனித்தும் சொல்லாமல் விட்டது எது? எங்கள் குழுவில் அந்த மாலைக்குப் பிறகு இதைக் கேட்காமல் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. முதல் சில தடவை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது நான்காவது பயணத்தில், அந்த விஷயங்கள் மலையிலேயே வாய்விட்டு வரத் தொடங்கும்.

வீட்டுக்குப் போனதும் ஸ்கினை வெயிலிலோ ஹீட்டர் மேலோ போடாமல் நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். சூட்டில் அதன் பசை இளகிக் கெட்டுவிடும். கிராம்பானைத் துடைத்து வையுங்கள். டிரான்ஸீவரை அணைத்து, அந்தப் பயணமே பருவத்தின் கடைசிப் பயணமாக இருந்தால் பேட்டரிகளையும் கழற்றிவிடுங்கள். கோடை முழுவதும் உள்ளேயே கிடந்தால் அவை கசிந்து, அடுத்த பருவத்தில் கருவி உயிர்பெறாது.